பேட்டையும் தெருவும்: சென்னை நடுநகரில் அடுக்குமாடி வீடு வாங்குமுன் இடத்தை மதிப்பிடுதல்

சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்க முற்படுவோர் சதுர அடி விலையை விசாரிப்பதற்கு முன்பே 'ஏரியா எப்படி?' என்று கேட்பது வழக்கம். அந்தக் கேள்விக்குத் தரகரும் உறவினரும் தரும் விடை பெரும்பாலும் ஒரு பேட்டையின் பெயராகவும் அப்பெயரை ஒட்டிய பாராட்டாகவும் முடிந்துவிடுகிறது. மயிலாப்பூர் என்றால் கோயிலும் கச்சேரியும், தியாகராய நகர் என்றால் கடைவீதி, நுங்கம்பாக்கம் என்றால் கௌரவம் என்று நிலைபெற்றுவிட்ட இந்த மதிப்பீடுகள் வீட்டின் விலையில் ஏற்கெனவே ஏறியிருப்பவை. அதாவது வாங்குபவர் பெயருக்குரிய காசைக் கொடுத்தே தீர வேண்டும், அதில் அவருக்குப் புதிதாகத் தெரிய வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் அதே பெயருக்குள் அடங்கும் இரண்டு தெருக்களில் ஒன்றில் மழைநீர் மூன்று நாள் நிற்கும், அடுத்ததில் மூன்று மணி நேரத்தில் வடியும். ஒன்றின் நிலம் தனியாருடையதாகவும் அடுத்ததின் நிலம் கோயிலுக்கு உரியதாகவும் இருக்கும். ஒன்றின் அகலம் எதிர்காலத்தில் உயரமான கட்டடங்களை அனுமதிக்கும், மற்றொன்றின் ஒடுக்கமே அதற்குக் காவலாக நிற்கும். நடுநகரில் இடத்தை மதிப்பிடுவதற்கான அலகு பேட்டை அன்று, தெருவே என்பதும், அந்தத் தெருவை அதன் பழைய நிலத்தோடும் இருபத்து நான்கு மணி நேர நடப்போடும் சட்டம் அதற்கு வகுத்திருக்கும் எதிர்காலத்தோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

நடுநகரம் என்ற சொல்லுக்கே சென்னையில் விளக்கம் தேவைப்படுகிறது. 1639இல் கோட்டையை ஒட்டித் தொடங்கிய குடியேற்றம் ஜார்ஜ் டவுனை வணிக மையமாக்கியது. பின்னர் மவுண்ட் ரோடு, அதாவது இன்றைய அண்ணா சாலை, அந்த இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டது. இதற்கிடையில் நகரத்தைவிட மூத்த ஊர்களான மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் தத்தம் கோயில்களையும் குளங்களையும் சுற்றித் தனி மையங்களாகவே நீடித்தன. எனவே சென்னைக்கு ஒரே மையம் இல்லை; எழும்பூர், நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர், தியாகராய நகர் என்று தொடரும் ஒரு பட்டையைத்தான் வீட்டுச் சந்தை நடுநகரம் என்று வழங்குகிறது. இங்கு வரும் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை மயிலாப்பூரையும் தியாகராய நகரையும் சார்ந்தவை. ஒன்று தானாக வளர்ந்த கோயில் ஊர், மற்றொன்று திட்டமிட்டு அமைக்கப்பட்ட நகர்ப்பகுதி என்பதால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

ஓர் இடத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன் அதை நடந்து ஆராய வேண்டும் என்ற கருத்து சென்னைக்குப் புதியதன்று. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியலாளரும் நகரமைப்புச் சிந்தனையாளருமான பேட்ரிக் கெடிஸ் தம் நகரமைப்புக் கண்காட்சியை 1915 ஜனவரியில் சென்னையின் செனட் மண்டபத்தில் நடத்தினார். அதற்கென அனுப்பப்பட்ட வரைபடங்களும் படங்களும் அதற்கு முந்தைய ஆண்டு ஜெர்மானியக் கப்பலான எம்டனால் மூழ்கடிக்கப்பட்ட சரக்குக் கப்பலோடு கடலுக்குள் போய்விட்டதால், புதிதாகத் திரட்டப்பட்ட பொருள்களைக் கொண்டே கண்காட்சி நடந்தது. சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசித் தமிழ்ப் பேச்சுக்குள் ஒரு சொல்லாகவே நுழைந்துவிட்ட அந்தக் கப்பலுக்கு நகரமைப்பு வரலாற்றிலும் இப்படி ஓர் இடமுண்டு. மருத்துவர் மருந்து எழுதுவதற்கு முன் நோயை அறிவதுபோல நகரமைப்பாளர் தெருத் தெருவாக நடந்து அதன் நீர், நிலம், தொழில், வழக்கம் ஆகியவற்றை அறிய வேண்டும் என்பது கெடிஸ் வலியுறுத்திய முறை. ஊரைத் திருத்த வந்தவருக்கென வகுக்கப்பட்ட இந்த நோயறி முறை, ஊரைத் திருத்த இயலாமல் அதில் குடியேற மட்டுமே போகும் வீடு வாங்குபவருக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

இதற்கு நேர்மாறான ஒரு வழியைப் பொருளியல் வகுத்தது. வீடு என்பது ஒற்றைப் பண்டம் அன்று, அறைகள், காற்று, பள்ளியின் அண்மை, நிலையத்தின் தொலைவு முதலிய பல பண்புகளின் கட்டு என்றும், மொத்த விலையைப் பிரித்தால் ஒவ்வொரு பண்புக்கும் சந்தை கொடுக்கும் மறைவிலை தெரியும் என்றும் ஷெர்வின் ரோசன் 1974இல் முறைப்படுத்திக் காட்டினார். இதனைப் பண்புவழி விலை முறை என்று சொல்லலாம். பல்லாயிரம் விற்பனைகளை ஒப்பிடும் ஆய்வாளருக்கு இது அரிய கருவி. ஒரே ஒரு வீட்டை வாங்குபவருக்கு இதன் பயன் வேறு: சந்தை எவற்றுக்கு விலை போட்டிருக்கிறது, எவற்றுக்குப் போடவில்லை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை அது தருகிறது. பேட்டையின் பெயர், பள்ளி, மெட்ரோ நிலையம் ஆகியவற்றுக்குச் சந்தை விலை போட்டுவிடுகிறது. தெருமுனையில் கழிவுநீர் பொங்கும் ஆள்நுழைவுக் குழிக்கும் எதிர்வீட்டுக் கூரைமேல் நிற்கும் ஜெனரேட்டருக்கும் அது உரிய தள்ளுபடி தருவதில்லை. ஆராய வேண்டியவை இந்த இரண்டாம் வகையினவே.

அவற்றில் முதன்மையானது நிலத்தின் முற்பிறவி. தியாகராய நகர் ஏரிப்படுகையில் எழுந்த பகுதி. நுங்கம்பாக்கம் பக்கமிருந்து மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைத் திசையில் நீண்டு கிடந்த நீளேரி, 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்த காலத்தில் வடிக்கப்பட்டு, பனகல் பூங்காவை நடுவில் வைத்து மனைகளாக வகுக்கப்பட்டது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் அந்நகருக்கு வழங்கலாயிற்று. ஏரியின் எஞ்சிய பகுதிகளும் பின்னர் மெல்ல மெல்ல நிரப்பப்பட்டு, 1970களில் வள்ளுவர் கோட்டமும் அப்படுகையில் எழுந்தது. ஏரி போனாலும் அதன் பெயர்கள் போகவில்லை: மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடும் லேக் ஏரியாவும் இருக்கின்றன, எழும்பூரை அடுத்து ஸ்பர்டாங்க் சாலை இருக்கிறது. தெருப்பெயர்ப் பலகையில் ஏரி, குளம், கரை, பள்ளம் என்ற சொற்களையோ அவற்றின் ஆங்கில வடிவங்களையோ கண்டால் அங்கே மழைக்காலத்தில் ஒருமுறை போய் நிற்பது வாங்குபவருக்குக் கடமையாகிறது. மந்தைவெளி போன்ற பெயர், ஆடுமாடுகள் மேய்ந்த வெளியிடத்தைச் சுட்டுவது, இதனினும் ஆறுதல் தருவது என்று சொல்லத் தோன்றும். ஆயினும் பெயர் ஐயத்தை எழுப்பத்தான் உதவும், ஐயத்தைத் தீர்க்க உதவாது.

வெள்ளத்திலும் இரு வகை உண்டு என்பதைப் பிரித்தறியாமல் 'இங்கே தண்ணீர் வருமா?' என்று கேட்பதால் தெளிவான விடை கிடைப்பதில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய பகுதிகளில் புகுந்தது ஆற்றுவெள்ளம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டதும் இடைப்பட்ட நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் மழையும் சேர்ந்து அடையாற்றைக் கரைமீறச் செய்தன. 2021 நவம்பரில் தியாகராய நகர் மூழ்கியது அதனின்று வேறான நிகழ்வு: ஒரே இரவில் 20 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்த மழை அந்தந்தத் தெருவிலேயே தேங்கி, வெளியேற வழியின்றி நாள்கணக்கில் நின்றது. இப்பகுதியின் நீரை அடையாற்றுக்குக் கொண்டுசேர்ப்பது மாம்பலம் கால்வாய். அதில் அப்போது நடந்துவந்த சீரமைப்புப் பணிகளின் இடிபாடுகள் நீரோட்டத்தைத் தடுத்தன என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அடையாறு நிறைந்து ஓடும் நாளில் கால்வாய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதன் நீர் ஆற்றுக்குள் இறங்காது, பின்வாங்கித் தெருக்களில் ஏறும். ஆற்றிலிருந்து தொலைவில் இருப்பதாகக் கருதப்படும் தெருவும் கால்வாய் வழியாக ஆற்றோடு கட்டப்பட்டிருக்கிறது. 2021க்குப் பிறகு புதிய மழைநீர் வடிகால்கள் கட்டப்பட்டன. அவற்றை 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல்மழை சோதித்தது. ஆகவே ஒரு தெருவைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி தண்ணீர் வருமா என்பதன்று. 2015, 2021, 2023 ஆகிய மூன்று முறையும் எந்தப் படி வரை வந்தது, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்பதே. இதற்கு நம்பத்தக்க சாட்சிகள் வீடு விற்பவர்கள் அல்லர். துணி தேய்ப்பவர், காவலாளி, தெருமுனைக் கடைக்காரர் ஆகியோரே.

இதோடு சேர்ந்தது சாலையின் உயரம். பழைய தாரின்மேல் புதிய தாரை அடுக்கிக்கொண்டே போன வழக்கத்தால் நடுநகரின் பல தெருக்கள் வீடுகளின் வாசலைவிட உயர்ந்துவிட்டன. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று அரசு 2021இல் அறிவுறுத்தியது என்றாலும் அதற்கு முன் ஏறியது ஏறியதுதான். முப்பதாண்டு பழைய குடியிருப்பொன்றில் வாசலிலிருந்து கார் நிறுத்துமிடத்துக்குச் சரிவு கீழ்நோக்கி இறங்கினால், மின்தூக்கியின் குழியும் குடிநீர்த் தொட்டியின் மூடியும் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று பார்த்துவிடுவது நல்லது. தரைக்கடியில் உள்ள தொட்டியைச் சென்னைவாசிகள் சம்ப் என்கிறார்கள்; தெருநீர் அதற்குள் புகுந்தால் இரண்டாம் மாடியில் இருப்பவருக்கும் குடிநீர் இல்லை.

குடிநீரைப் பொறுத்தவரை நடுநகருக்குப் புறநகரைவிட ஒரு சாதகம் உண்டு: 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் இயங்கத் தொடங்கிய காலந்தொட்டு விரிந்த குழாய் அமைப்பு இங்கேதான் அடர்த்தி. ஆனால் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டபோது, குழாய் இருப்பதும் குழாயில் நீர் வருவதும் வேறு வேறு என்பது தெளிவாயிற்று. அப்போது நிலத்தடி நீர் கைகொடுத்த தெருக்களும் கைவிட்ட தெருக்களும் மண்ணின் தன்மையால் பிரிந்தன. கடலோரத்தை ஒட்டிய மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பகுதிகளின் மணற்பாங்கான நிலம் மழைநீரை விரைந்து உள்ளிழுக்கும். அளவுமீறி இறைத்தால் உவர்ப்பும் விரைந்து ஏறும். மாம்பலம் பக்கத்துக் களிமண் நீரைத் தாமதமாகவே ஏற்கும். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் கட்டாயமாக்கப்பட்டிருப்பதால் எல்லாக் குடியிருப்புகளிலும் அதற்கான குழி ஏட்டளவிலாவது இருக்கும். அதன் மூடியைத் திறந்து காட்டச் சொன்னால் அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் நடைமுறை ஒழுங்கும் கூடவே தெரிந்துவிடும். கழிவுநீர்க் குழாய்கள் இதைவிட மோசமான நிலையில் உள்ளன. ஒரு பங்களாவின் குடும்பத்தை எண்ணிப் போடப்பட்ட குழாயில் இப்போது எட்டு வீடுகளின் கழிவு இறங்குகிறது. பெருமழை நாளில் எந்தக் குழி முதலில் பொங்குகிறது என்பதைத் தெருவாசிகள் கைகாட்டியே சொல்வார்கள்.

அடுத்தது தெருவின் நேரக்கணக்கு. நகர வாழ்வைப் பற்றி எழுதியோரில் பெரும்பாலான வாசகர்கள் அறிந்த ஜேன் ஜேக்கப்ஸ், அமெரிக்கப் பெருநகரங்களைப் பற்றி 1961இல் வெளியிட்ட நூலில், உயிருள்ள பகுதிக்குக் கலந்த பயன்பாடு, குறுகிய தெருத்துண்டுகள், பழையதும் புதியதுமான கட்டடங்கள், போதிய மக்களடர்த்தி ஆகிய நான்கும் வேண்டும் என்றார். கடை, வீடு, தொழில் எல்லாம் கலந்திருக்கும் தெருவில் எந்நேரமும் யாரோ ஒருவரின் கண் இருக்கும், அதுவே பாதுகாப்பு என்பது அவர் வாதம். மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுற்றியுள்ள பகுதி இந்த இலக்கணத்துக்கு வரைந்துவைத்த படம்போலப் பொருந்தும்: விடியலில் பால், பூ, காய்கறி, பின் பள்ளி, அலுவலகம், மாலையில் கோயில், இரவில் உணவகம் என்று தெரு ஓயாமல் ஆள்மாறிக்கொண்டே இருக்கிறது. ஆயினும் ஜேக்கப்ஸின் கருத்தைத் தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவையும் உஸ்மான் சாலையையும் ஒட்டிய உட்தெருக்களுக்கு அப்படியே நீட்டுவது தவறாகும். அங்கே நடப்பது கலப்பன்று, ஒரே பயன்பாடு மற்றவற்றை விழுங்குவது. பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் வந்துபோகும் கூட்டத்தின் கண்கள் கடைமீது இருக்குமேயொழியத் தெருமீது இருப்பதில்லை. 2017 மே மாத இறுதியில் உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடையொன்று பற்றி எரிந்து, கட்டடமே இடிந்து, எஞ்சியதையும் தகர்க்க நேர்ந்தபோது, பக்கத்துத் தெருவில் குடியிருப்பதன் பொருள் என்னவென்று அப்பகுதியினர் உணர்ந்தனர். 2019 நவம்பரில் பாண்டி பஜாரின் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டதும், 2023 மே மாதத்தில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை திறக்கப்பட்டதும் நடப்போருக்குப் பெரிய நன்மைகள். வண்டி நிறுத்த இடம் தேடி உட்தெருக்களுக்குள் நுழைவோருக்கு அவை விடையாக அமையவில்லை.

ஒலியைப் பற்றி ஊகிக்கத் தேவையில்லை, அளவே இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் வரம்பு. வணிகப் பகுதிக்கு இவை முறையே 65, 55. கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் செயலியின் அளவீடு துல்லியமானதன்று என்றாலும், படுக்கையறைச் சன்னலருகே ஒரு வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கும் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கும் எடுத்துப் பார்த்தால், எது பொறுக்கத்தக்கது என்று முடிவுசெய்யும் அளவுக்கு அது போதும். மயிலாப்பூரில் இதற்கு ஆண்டுக்கணக்கும் உண்டு: பங்குனிப் பெருவிழாவின் தேரும் அறுபத்துமூவரும் வரும் நாள்களில் மாடவீதிவாசிகளின் வாகனம் வெளியே வராது, ஆம்புலன்ஸ் உள்ளே வருவதும் கடினம். இதைக் குறையென்று எண்ணுபவர் அங்கே வாங்காதிருப்பதே நலம். அந்த நாள்களுக்காகவே அங்கே வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.

போக்குவரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் விளம்பரங்கள் அதை ஏற்கெனவே சொல்லிவிடுகின்றன. ஏறத்தாழ 119 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி செல்லும் தடம் மயிலாப்பூரையும் பனகல் பூங்காவையும் தொடுகிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி செல்லும் தடம் திருமயிலையில் அதைச் சந்திக்கிறது. 1997இல் அங்கு வந்த பறக்கும் ரயிலும் அதே இடத்தில் நிற்கிறது. நிலையத்தின் அண்மை என்று விற்கப்படுவது உண்மையில் நிலைய வாயிலின் அண்மை. வரைபடத்தில் நிலையத்தின் நடுப்புள்ளியிலிருந்து கோடு இழுத்துச் சொல்லப்படும் தொலைவும், சாலையைக் கடந்து வாயிலை அடையும் தொலைவும் பெரிதும் வேறுபடும். சுரங்கம் தோண்டும் ஆண்டுகளில் வழிமாற்றங்களாலும் தூசியாலும் தெரு பட்ட பாடு விலையில் குறையாமல், வரப்போகும் வசதி மட்டும் விலையில் ஏறியிருப்பதும் சந்தையின் இயல்பு.

இன்று எதிரே இருக்கும் ஓட்டு வீடும் மாமரமும் பத்தாண்டுகளுக்குப் பின் என்னவாகும் என்பதைச் சட்டமே ஓரளவு சொல்கிறது. 2008இல் நடைமுறைக்கு வந்து 2026ஐ இலக்காகக் கொண்ட இரண்டாம் முழுமைத் திட்டம் ஒவ்வொரு புல எண்ணையும் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம் என்பன போன்ற வகைகளில் சேர்த்திருக்கிறது. தான் வாங்கும் வீட்டின் வகையைப் பார்ப்போர் பலர். எதிர்வீட்டு வகையைப் பார்ப்போர் சிலரே. கலப்புக் குடியிருப்பு என்று குறிக்கப்பட்ட தெருவில் அடுத்த மனையில் திருமண மண்டபமோ உணவகமோ எழுந்தால் அதற்குத் தடைசொல்ல வாய்ப்புக் குறைவு. வகையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது சாலையின் அகலம். மனைப்பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைக் குறிக்கும் எண் தளப்பரப்புக் குறியீடு, வழக்கில் எஃப்.எஸ்.ஐ.; 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் உயர்மாடி அல்லாத கட்டடங்களுக்கு அதை 1.5இலிருந்து 2 ஆக உயர்த்தின. 18 மீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலையில் உயர்மாடிக் கட்டடத்துக்கு 3.25 வரை இடமளித்தன. கூடுதல் கட்டணம் செலுத்தினால் சாலை அகலத்துக்கேற்ப அதற்கு மேலும் பெறலாம். ஆக, அகலச் சாலையில் காற்றோட்டமான வீடு என்று மகிழ்பவர், அந்த அகலமே எதிரில் ஒரு கோபுரம் எழுவதற்கான உரிமம் என்பதையும், ஒடுங்கிய சந்து என்று முகம் சுளிப்பவர், அந்த ஒடுக்கமே அடுத்தவரின் உயரத்துக்கு வரம்பு என்பதையும் அறிந்திருக்க வேண்டும். சந்தின் விலையோ வேறு: தீயணைப்பு வண்டி உள்ளே திரும்புமா என்பதை நாடாவால் அளந்தே சொல்ல முடியும்.

பழைய நடுநகருக்கே உரிய மற்றொரு சிக்கல் நிலத்தின் உரிமை, ஒரு மனையின் பத்திரச் சிக்கலாக அல்லாமல் தெருவின் சிக்கலாகவே இருப்பது. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் கோயில்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் உரிய மனைகளில் தலைமுறைகளாக மனைவாடகை செலுத்தி, கட்டடம் மட்டும் தமதாகக் குடியிருப்போர் உண்டு. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்பதும் அடமானம் வைப்பதும் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடுவதும் செல்லாது. அத்தகைய பத்திரங்களைப் பதிவுசெய்ய மறுக்கும் அதிகாரத்தைப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தருகிறது. பிறர் நிலத்தில் கட்டடம் எழுப்பிய குத்தகைதாரர் அந்நிலத்தை விலைக்குக் கேட்க வழிசெய்த 1921ஆம் ஆண்டின் நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1996இன் திருத்தத்துக்குப் பின் சமய நிறுவன நிலங்களுக்குப் பொருந்துவதில்லை. வில்லங்கச் சான்றிதழ், அதாவது ஒரு சொத்தின்மீது பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல், இதை எப்போதும் வெளிக்காட்டாது. பதிவாகாத குத்தகையும் நிலுவையிலுள்ள வழக்கும் அதில் ஏறுவதில்லை. அதனால் மூலப் பத்திரம் வரை பின்னோக்கிப் போவதோடு, நகர நில அளவைப் பதிவேட்டில் வாங்கும் மனை மட்டுமன்றி இருபக்கத்து மனைகளும் யார் பெயரில் இருக்கின்றன என்று பார்ப்பதும் இங்கே இன்றியமையாதது. பக்கத்து மனைகள் கோயிலுக்கு உரியவை எனில் எல்லைக்கோடு எங்கே என்ற கேள்வி என்றாவது எழும்.

சட்டப் பாதுகாப்பிலும் நடுநகரத்துக்கு ஒரு வினோதமான பள்ளம் உண்டு. 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், வழக்கில் ரேரா, 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ எட்டுக்கு மேற்படாத வீடுகளாகவோ அமையும் திட்டங்களைப் பதிவிலிருந்து விலக்குகிறது. சென்னையின் நில அளவான கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். இரண்டு கிரவுண்டு 446. பழைய வீட்டை இடித்து எட்டு வீடு கட்டும் மயிலாப்பூர், மேற்கு மாம்பலம் வகைத் திட்டங்கள் இயல்பாகவே இந்த விலக்குக்குள் விழுகின்றன. புறநகரில் முந்நூறு வீடுகள் கொண்ட வளாகத்தில் வாங்குபவருக்குத் திட்டத்தின் அனுமதியும் கெடு நாளும் ரேராவின் தளத்தில் கிடைக்க, பன்மடங்கு விலை கொடுத்து நடுநகரில் வாங்குபவர் கட்டுநரின் வாய்ச்சொல்லையும் தம் வழக்கறிஞரின் பொறுமையையும் நம்ப வேண்டியிருக்கிறது. இந்நிலையில் அக்கட்டுநர் அதே பேட்டையில் பத்தாண்டுக்கு முன் கட்டிய வீடுகளைப் போய்ப் பார்த்து, நீர்க்கசிவையும் விரிசலையும் அங்குள்ளோரிடம் கேட்பதைக் காட்டிலும் சிறந்த சான்று வேறில்லை.

விலைக்கு வந்தால், நடுநகரில் வாங்கப்படுவது பெரும்பகுதி நிலம். அடுக்குமாடி வீட்டோடு சேர்ந்து வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கைச் சென்னைச் சந்தை யு.டி.எஸ். என்கிறது. கணக்கு எளிது: இரண்டு கிரவுண்டில், அதாவது 4,800 சதுர அடியில், குறியீடு 1.5ஆக இருந்த காலத்தில் 1,200 சதுர அடி வீடுகள் ஆறு கட்டினால் ஒவ்வொன்றுக்கும் 800 சதுர அடி நிலம். குறியீடு 2ஆன பிறகு எட்டுக் கட்டினால் 600. பழைய வீட்டின் கதவும் தரையும் மங்கியிருந்தாலும் நிலப் பங்கு கூடுதலாக இருப்பதால், புதியதைவிட மலிவாகக் கிடைக்கும் பழைய வீடு சில வேளைகளில் உண்மையிலேயே மலிவு. முன்பு நிலப் பங்குக்கு மட்டும் கிரயப் பத்திரமும் கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தமும் போடப்பட்டன. 2023 டிசம்பர் முதல் புதிய வீடுகள் நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் பதிவாகின்றன. அதனால் பத்திரத்தில் நிலப் பங்கின் அளவு மங்கிவிடக் கூடாது. மறுபுறம், ஆண்டு வாடகையை விலையால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் நடுநகரில் வீட்டுக்கடன் வட்டியைவிட மிகக் குறைவு; ஒரு தெருவில் விலையும் வாடகையும் மிகவும் விலகியிருந்தால், அங்கே வாழும் வசதிக்கன்றி நிலத்தின்மீதான எதிர்பார்ப்புக்கே விலை கேட்கப்படுகிறது. வாங்குமுன் அதே தெருவில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது, இவ்வகையில் செலவு குறைந்த ஆய்வு.

கடைசியாக மனிதர்கள். நடுநகரின் பழைய குடியிருப்புகள் சிலவற்றில் 'சைவ உணவினருக்கு மட்டும்' என்ற நிபந்தனை வாடகைக்கு விடும்போதும், சில இடங்களில் விற்கும்போதும் வாய்மொழியாகவே நடைமுறைப்படுத்தப்படுகிறது; அது பெரும்பாலும் சாதியையும் மதத்தையும் கேட்பதற்கான நாகரிகமான வழி. இதனால் நேரடியாகப் பாதிக்கப்படாதவரும், நாளை தம் வீட்டை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வரக்கூடியவர்களின் வட்டம் இப்படிச் சுருங்குகிறது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். எட்டு வீட்டுக் குடியிருப்பில் சங்கம் என்பது எட்டுப் பேரின் குணம். வெளிநாட்டில் இருக்கும் இருவர், பராமரிப்புக் கட்டணம் தராத ஒருவர், வழக்குப் போட்டிருக்கும் ஒருவர் என்றால் மின்தூக்கியை மாற்றக்கூடப் பணம் சேராது. கட்டடம் முதிர்ந்து இடித்துக் கட்டும் காலம் வரும்போது இதன் எடை கூடும்: 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் மறுகட்டுமானத்துக்கு எல்லோரின் ஒப்புதலையும் கேட்காமல் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் ஒப்புதல் போதும் என்று வகுத்திருக்கிறது. எட்டு வீடுகளில் அது ஆறு கையெழுத்து; ஆறு வீடுகளில் நான்கு. சங்கத்தின் கடந்த மூன்றாண்டுக் கூட்டக் குறிப்பேட்டை வாங்கிப் படித்தால், அந்தக் கையெழுத்துகள் என்றாவது ஒரு தாளில் சேருமா என்பது தெரியும்.